ஆட்டத்தின் இனத்தை அறிவது எப்படி?

வௌவால் பறக்கிறது, ஆனால் அது பறவை அன்று. திமிங்கிலம் கடலில் நீந்துகிறது. ஆனால் அது மீன் அன்று. இரண்டும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. ஆகவே இரண்டும் பாலூட்டிகள். வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு வகை பிரித்தால் ஏமாந்து போவோம் என்பது உயிரியல் வகுப்பில் நீங்கள் படித்த பாடமே.

மாணவர்களே! கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் நீங்கள் ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஆக்‌ஷன், அட்வென்ச்சர், பஸில், ஸ்ட்ராட்டஜி, ரேசிங், சிமுலேஷன், ரோல் பிளேயிங் என்று அவற்றை இனம் பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த அடிப்படையில் இப்படிப் பிரித்தார்கள்? திரைப்படங்களைக் கதையை வைத்துப் பிரிக்கிறோம்: குடும்பக் கதை, துப்பறியும் கதை, புராணக் கதை. விளையாட்டுகளையும் அவ்வாறே கதையை வைத்துப் பிரிக்க முடியுமா?

முடியாது. சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ராஜா உண்டு, மந்திரி உண்டு, யானை குதிரைகள் உண்டு. கதையளவில் அது போர். ஆனால் யானைக்குப் பதில் கத்தரிக்காயையும் குதிரைக்குப் பதில் வெண்டைக்காயையும் வைத்து ஆடினாலும் அது சதுரங்கமே. மாறாக, குதிரை நகரும் விதியை மாற்றிப் பாருங்கள். காய்கள் பழையபடி இருந்தாலும் ஆட்டம் வேறாகிவிடும். படமும் கதையும் தோல் போன்றவை. ஆடுபவர் என்ன செய்கிறார், எந்தக் கட்டுப்பாட்டுக்குள் செய்கிறார் என்பதே எலும்புக்கூடு. எலும்புக்கூட்டைக் கொண்டுதான் இனத்தை அறிய வேண்டும்.

திண்ணையிலிருந்து ஐந்து கேள்விகள்

எலும்புக்கூட்டைக் காண்பதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. அவிநாசிப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ ஒரு கிராமத்துத் திண்ணை போதும். நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களை வைத்து ஐந்து கேள்விகளை உருவாக்குவோம்.

முதல் கேள்வி: ஆடுபவருக்குத் தேர்வு உண்டா? பரமபதத்தில் கட்டையை உருட்டுகிறோம். விழுந்த எண்ணுக்கு ஏற்பக் காயை நகர்த்துகிறோம். ஏணி வந்தால் ஏறுகிறோம், பாம்பு வந்தால் இறங்குகிறோம். இதில் நாம் எடுக்கும் முடிவு ஒன்றுகூட இல்லை. உலகச் சதுரங்க வீரரும் மூன்று வயதுக் குழந்தையும் பரமபதம் ஆடினால் இருவருக்கும் வெற்றி வாய்ப்பு சமம்.

இரண்டாம் கேள்வி: தற்செயல் உண்டா? தாயத்தில் கட்டை விழுவது தற்செயல். ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா தப்புவதா என்பது நம் தேர்வு. ஆகவே தாயத்தில் தற்செயலும் உண்டு, தேர்வும் உண்டு. பல்லாங்குழியில் 14 குழிகள். ஒவ்வொன்றிலும் 5 அல்லது 6 புளியங்கொட்டைகள் போட்டுத் தொடங்குவார்கள். எந்தக் குழியை அள்ளினால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்பது எண்ணிச் சொல்லக்கூடியது. அங்கே தற்செயலுக்கு இடமே இல்லை.

மூன்றாம் கேள்வி: மறைவு உண்டா? பல்லாங்குழியில் எல்லாக் குழிகளும் இருவர் கண்முன்னும் இருக்கின்றன. சீட்டாட்டத்தில் எதிராளியின் கைச்சீட்டு நமக்குத் தெரியாது. தெரியாததை ஊகிப்பதே அங்கு ஒரு திறமையாகிறது.

நான்காம் கேள்வி: காலம் நெருக்குகிறதா? பல்லாங்குழியில் குழியைப் பார்த்தபடி நெடுநேரம் யோசிக்கலாம். கிட்டிப்புள்ளில் எகிறிய புள்ளை அடிக்க யோசித்துக்கொண்டு நின்றால் அது தரையில் விழுந்துவிடும். முன்னதில் அறிவு முந்துகிறது. பின்னதில் கண்ணும் கையும் முந்துகின்றன.

ஐந்தாம் கேள்வி: இரு தரப்பும் சமமா? ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டிக் கொல்லும். ஆட்டால் கொல்ல முடியாது, சூழ்ந்து மடக்கத்தான் முடியும். ஒரே பலகையில் இருவர் இரு வேறு குறிக்கோள்களோடு ஆடுகிறார்கள். சதுரங்கத்தில் காணாத புதுமை இது.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதினால் எந்த ஆட்டத்துக்கும் ஓர் அடையாளக் குறிப்பு கிடைத்துவிடும். பொருளின் அடர்த்தி, உருகுநிலை, மின்தடை ஆகியவற்றை எழுதி உலோகத்தை இனம் காண்பது போன்றதே இதுவும்.

இதில் ஒரு பயனும் உண்டு. தற்செயலும் மறைவும் இல்லாத ஆட்டத்தை, கோட்பாட்டளவில், முழுமையாகக் கணக்கிட்டுவிடலாம். நேபாளத்தில் நம் ஆடுபுலிக்கு உறவான 'பாக் சால்' என்ற ஆட்டம் உண்டு. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம், நீவர்கெல்ட் என்னும் இரு கம்ப்யூட்டர் அறிவியலார் அதனை ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று காட்டினர். ஆடுகள் எல்லாம் பலகையில் வைக்கப்பட்ட பிறகு வரக்கூடிய நிலைகள் மட்டுமே 8 கோடிக்கு மேல். தாயத்தை இப்படி முடித்துவைக்க இயலாது. அங்கே வெற்றியின் நிகழ்தகவை மட்டுமே கணக்கிட முடியும். இனம் மாறினால் அதைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்வியும் மாறிவிடுகிறது.

இயற்பியலார் செய்த பொம்மை

இனி மின்னணு ஆட்டங்களுக்கு வருவோம். அவற்றின் வரலாற்றில் தொடக்கத்திலேயே ஓர் இயற்பியலார் நிற்கிறார். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் ஹிகின்பாதம், 1958 அக்டோபரில் பார்வையாளர் தினத்துக்காக ஓர் ஆட்டத்தை அமைத்தார். ஆசிலாஸ்கோப் திரையில் ஓர் ஒளிப்புள்ளி பந்தாக எகிறும். நடுவில் ஒரு சிறு கோடு வலை. புவியீர்ப்பில் பந்து எப்படி வளைந்து விழும் என்பதை ஓர் அனலாக் கம்ப்யூட்டர் கணக்கிட்டது. 'இருவர் டென்னிஸ்' என்பது அதன் பெயர்.

1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தை உருவாக்கினர. நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் சிக்காமல் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். கலங்களை விண்மீன் ஈர்த்தது; குண்டுகளை ஈர்க்கவில்லை! அவற்றின் பாதையையும் ஈர்ப்போடு கணக்கிட அக்காலக் கம்ப்யூட்டருக்கு வேகம் போதவில்லை.

1969இல், மனிதன் நிலவில் இறங்கிய சில மாதங்களில், ஜிம் ஸ்டோரர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் நிலவில் கலத்தை இறக்கும் ஆட்டம் ஒன்றை எழுதினார். உங்கள் வயதுதான் அவருக்கு! படம் எதுவும் கிடையாது. உயரம், வேகம், மிச்சமுள்ள எரிபொருள் ஆகிய எண்கள் மட்டும் தாளில் அச்சாகும். 10 விநாடிக்கு ஒரு முறை எவ்வளவு எரிபொருளை எரிப்பது என்று ஆடுபவர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். 2024இல் ஒருவர் அதன் சூத்திரங்களைச் சரிபார்த்தபோது, ஓரிடத்தில் 2ஆல் வகுக்காமல் விடப்பட்டிருந்தது தெரிய வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை.

இம்மூன்று ஆட்டங்களிலும் நியூட்டன் விதிகளே ஆட்ட விதிகள். ஆயினும் மூன்றும் ஒரே இனம் அல்ல. முதல் இரண்டும் கண்ணும் கையும் விரைந்து செயல்பட வேண்டியவை. மூன்றாவதில் விரைவு தேவையில்லை. கணக்கிட்டு ஆற்றலைச் சேமிப்பதே திறமை. நாம் கேட்ட நான்காம் கேள்வியே இவற்றைப் பிரித்துவிடுகிறது.

வினைச்சொல்லைத் தேடுங்கள்

ஒரு வீடியோ விளையாட்டின் இனத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆடுபவர் அடிக்கடி செய்யும் செயலைக் குறிக்கும் வினைச்சொல் எது என்று பாருங்கள். அடுத்து, அவருக்கு எது பற்றாக்குறை என்று பாருங்கள். இவ்விரண்டும் கிடைத்தால் இனம் கிடைத்துவிடும்.

சுடுதல்: 1978இல் ஜப்பானில் நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். வரிசைக்கு 11 ஆக 5 வரிசைகளில் 55 எதிரிகள். எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவை வேகமாக நகரும். இது முதலில் திட்டமிட்டுச் செய்ததன்று. திரையில் வரைய வேண்டியவை குறைந்ததால் சில்லு விரைந்து வரைந்தது. ஆட்டம் சூடுபிடிப்பதைக் கண்ட நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். இங்கே பற்றாக்குறை காலம்.

தாவுதல்: 1981இன் 'டாங்கி காங்', 1985இன் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆகியவை இவ்வினம். இடைவெளியைத் தாவிக் கடப்பதே வேலை. மரியோ அந்தரத்தில் இருக்கும்போதே திசையை மாற்றிக்கொள்வார். உந்துவதற்குத் தரையில்லாதபோது இப்படித் திரும்ப முடியாது என்பது நீங்கள் படித்த நியூட்டனின் முதல் விதி. விதியை மீறினாலும், அதை ஆட்டம் முழுவதும் ஒரே மாதிரியாக மீறுவதால் நாம் பழகிக்கொள்கிறோம். ஆட்டத்துக்கு இயற்கை விதி தேவையில்லை. மாறாத விதி தேவை.

பொருத்துதல்: இது புதிர் இனம். 1980களின் நடுவில் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' உலகப் புகழ் பெற்றது. நான்கு சதுரங்களை ஒட்டி எத்தனை வடிவங்கள் செய்யலாம்? தாளில் வரைந்து பாருங்கள். கண்ணாடி பிம்பங்களைத் தனியாக எண்ணினால் 7. அந்த ஏழுமே டெட்ரிஸின் காய்கள். அவை மேலிருந்து விழாமல் மேசையில் கிடந்தால் அது அமைதியான புதிர். விழுவதால் காலமும் நெருக்குகிறது. ஆகவே அதில் அதிரடியும் கலந்திருக்கிறது.

தேடிக் கண்டறிதல்: இது சாகச இனம். அமெரிக்காவில் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்ட வில் கிரௌதர் என்ற நிரலாளர், கென்டக்கியின் மாமத் குகையை மனத்தில் கொண்டு 1970களின் நடுவில் எழுத்துகளால் மட்டுமே ஆன ஓர் ஆட்டத்தை எழுதினார். 'அட்வென்ச்சர்' என்ற அதன் பெயரே ஓர் இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பற்றாக்குறை இங்கே தகவல். சாவி எங்கே, கதவு எங்கே என்பதே கேள்வி.

வளர்தல்: ரோல் பிளேயிங் எனப்படும் பாத்திரமேற்கும் ஆட்டங்கள் இவை. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை ஆட்டமே இவற்றின் தாய். உங்கள் பாத்திரத்துக்கு வலிமை, அறிவு, அனுபவம் என எண்கள் உண்டு. அனுபவம் கூடக் கூட வலிமையும் கூடும். இதில் வாள் இருந்தாலும் கையின் விரைவைவிட, எந்த எண்ணை எப்போது வளர்ப்பது என்ற முடிவே பெரிது.

திட்டமிடுதல்: இது வியூக இனம். சதுரங்கத்தின் வாரிசுகள். 1991இன் 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் முறை வைத்து ஆடுகிறார்கள். எத்தனை நேரமும் யோசிக்கலாம். 1992இன் 'டூன் 2' ஆட்டத்தில் நீங்கள் யோசிக்கும்போதே எதிரி படை திரட்டிக்கொண்டிருப்பான். இரண்டிலும் நிலம், பொருள், படை எல்லாம் உண்டு. நான்காம் கேள்விக்கான விடை மட்டும் மாறியது. புதிய கிளையினமே பிறந்துவிட்டது.

நிர்வகித்தல்: 1989இல் வில் ரைட் வெளியிட்ட 'சிம்சிட்டி'யில் நீங்கள் ஒரு நகரை அமைக்கிறீர்கள். சாலை, மின்சாரம், வரி எல்லாம் உங்கள் பொறுப்பு. வெற்றிக் கோடு என்று ஒன்று இல்லை. வரியை ஏற்றினால் மக்கள் வெளியேறுவார்கள். இறக்கினால் கஜானா வற்றும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் இந்த இயல்பே சிமுலேஷன் இனத்தின் சாரம்.

சுருங்கும் வட்டம்: 2017இல் வெளிவந்த 'பப்ஜி' ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். நூறு பேர் ஒரு நிலத்தில் இறங்குகிறார்கள். கடைசியில் எஞ்சுபவர் வென்றவர். இதனைச் சுடும் ஆட்டங்களிலிருந்து தனியே பிரிப்பது துப்பாக்கி அன்று. பாதுகாப்பான வட்டம் சுருங்குவதே. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். ஆரம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். உள்ளிருப்போர் எண்ணிக்கை மாறாவிட்டால் நெருக்கம் நான்கு மடங்காகும். வாயுவை அழுத்தினால் மூலக்கூறுகள் அடிக்கடி மோதுவது போல, இங்கே ஆட்டக்காரர்கள் மோத நேர்கிறது. ஒரே ஒரு விதியால் ஓர் இனம் உருவாகிவிட்டது.

ரேக்ளாவும் பந்தயச் சாலையும்

ஒரே இனத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. நம் கொங்கு நாட்டு ரேக்ளாவையே பாருங்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தொலைவு வகுத்து, ஒவ்வொரு வண்டியும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிப்பார்கள். குறைந்த நேரம் எடுத்த வண்டிக்குப் பரிசு. இங்கே எதிராளி கடிகாரம். தென்மாவட்டங்களின் மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டிகள் சாலையில் ஒன்றாகப் பாய்கின்றன. அங்கே எதிராளி பக்கத்து வண்டி. முந்துவதும் வழிமறிப்பதும் ஆட்டத்தின் பகுதி. இரண்டிலும் காளையும் வண்டியும் இருந்தாலும் ஓட்டுபவருக்கு வேண்டிய திறமைகள் வேறு. கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளிலும் இந்த இரு பிரிவுகள் அப்படியே உள்ளன.

மற்றொரு பிரிவு உராய்வைப் பொறுத்தது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் பந்தயச் சாலை இருக்கிறது. அது போன்ற ஒரு சாலையில் 40 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு இருப்பதாகக் கொள்வோம். டயருக்கும் சாலைக்கும் உராய்வுக் கெழு 0.8 என்க. வழுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகத்தின் இருமடி, உராய்வுக் கெழு, ஈர்ப்பு முடுக்கம், ஆரம் மூன்றின் பெருக்கலுக்குச் சமம். 0.8 × 9.8 × 40 = 313.6. அதன் வர்க்கமூலம் விநாடிக்கு 17.7 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் வண்டி வளைவை விட்டு வெளியே வழுக்கும். இக்கணக்கை மதிக்கும் ஆட்டம் சிமுலேஷன் வகை. மணிக்கு 200 கிலோமீட்டரில் அதே வளைவைத் திருப்ப விடும் ஆட்டம் ஆர்கேடு வகை. ஆடிப் பழகியது எந்த வகை என்று அறியாமல் சாலையில் வண்டியைத் தொடக் கூடாது. ஆட்டத்தில் மன்னிக்கப்படும் உராய்வு சாலையில் மன்னிக்காது.

ஒரே சமையலறை, இரண்டு இனங்கள்

தோலை விட்டு எலும்பைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் அழகான சான்று தமிழர்களிடமிருந்தே கிடைத்துள்ளது. கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' நிறுவனம் 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. வெண்பா என்பவர் தாய், பாவலன் தந்தை, கவின் மகன். தாய்வீட்டிலிருந்து வந்த சமையல் குறிப்பேட்டில் சில இடங்கள் அழிந்து போயிருக்கின்றன. எதன் பின் எதைச் செய்வது என்று ஊகித்துச் சமைப்பதே ஆடுபவரின் வேலை. முதல் புதிர் இட்லி! இவ்வாட்டம் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிசைப் பெற்றது.

2016இல் வெளிவந்த 'ஓவர்குக்டு' என்ற ஆட்டத்திலும் சமையலறைதான். ஆனால் அங்கே கடிகாரம் ஓடுகிறது, கட்டளைகள் குவிகின்றன, இருவர் மூவர் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கடையில் இரண்டையும் 'சமையல் ஆட்டம்' என்று ஒரே தட்டில் வைக்கலாம். நம் ஐந்து கேள்விகளைக் கேட்டால் உண்மை தெரியும். ஓவர்குக்டில் பற்றாக்குறை காலம். அது அதிரடி இனம். வெண்பாவில் பற்றாக்குறை தகவல். அழிந்து போன அம்மாவின் கையெழுத்து. அது புதிரும் கதையும் சேர்ந்த இனம். இங்கே அந்தக் கதையும் வீணாக ஒட்டப்பட்டதன்று. ஊர் விட்டு வந்தவர்கள் மறந்து போனதைத் தேடி மீட்பதே கதையும், ஆடும் முறையும். தோலும் எலும்பும் பொருந்தி வரும்போது ஆட்டம் மனத்தில் நிற்கிறது.

நீதிமன்றம் வரை சென்ற கேள்வி

'விளையாட்டுதானே, எந்த இனமாயிருந்தால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். இரண்டாம் கேள்வியான 'தற்செயல் உண்டா?' என்பது நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. தற்செயலை நம்பிப் பணம் கட்டினால் சூதாட்டம். திறமை மேலோங்கினால் சூதாட்டம் அன்று என்பது பழைய அளவுகோல். 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும் என்பவை காரணங்கள். அதாவது, தற்செயல் இருந்தாலும் தேர்வும் இருக்கிறது.

ஆன்லைனில் பணம் வைத்து ஆடிக் கடனில் மூழ்கிய பலர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரங்களுக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு 2022இல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் தற்செயல் ஆட்டங்கள் என அதன் அட்டவணை கூறியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அளவுகோலையே மாற்றியது. திறமையா தற்செயலா என்று அது கேட்கவில்லை; பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டமா என்று கேட்டது. ஆமெனில் தடை. பணயம் வைக்காத இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளைத் தனி இனமாக ஏற்றது.

இதிலும் ஒரு பாடம் உண்டு. வகைப்பாடு என்பது நோக்கத்தைப் பொறுத்தது. கம்பி இழுப்பவர் தாமிரத்தை மின்கடத்தும் திறனால் அறிகிறார். பாத்திரம் செய்பவர் வெப்பம் கடத்தும் திறனால் அறிகிறார். ஆட்டத்தை ரசிப்பவருக்கு ஓர் அளவுகோல். மக்களைக் காக்க வேண்டிய சட்டத்துக்கு வேறோர் அளவுகோல்.

தாயக்கட்டைக்கு நினைவில்லை

உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். சுடும் ஆட்டம், கால்பந்து ஆட்டம் போன்ற திறமை ஆட்டங்களுக்குள் 'பரிசுப் பெட்டி' என்று ஒன்றை வைத்திருப்பார்கள். சிறு தொகை கட்டித் திறந்தால் ஏதோ ஒரு பொருள் கிடைக்கும். எது கிடைக்கும் என்பது முழுக்கத் தற்செயல். அதாவது வெளியே அதிரடி இனம், உள்ளே பரமபதம். இத்தகைய பெட்டிகள் சில சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது.

கணக்கைத் தாயத்திலிருந்து தொடங்குவோம். இரு கட்டைகள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். மொத்தம் 16 விளைவுகள். தாயம், அதாவது ஒன்று, விழ வழிகள் இரண்டே: முதல் கட்டையில் 0, மற்றதில் 1; அல்லது முதலில் 1, மற்றதில் 0. ஆகவே நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. 'எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம்' என்று சொல்லலாமா? ஒருமுறை விழாமல் போக வாய்ப்பு 7/8. எட்டு முறையும் விழாமல் போக வாய்ப்பு 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் கிடைக்கும்: ஏறத்தாழ 0.34. மூவரில் ஒருவர் எட்டு முறை உருட்டியும் தாயம் போடாமல் உட்கார்ந்திருப்பார்.

பரிசுப் பெட்டியில் அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 100இல் 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி 20 ரூபாய். நூறு பெட்டிகளை 2,000 ரூபாய்க்கு வாங்கிய ஒருவருக்கும் அது கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 0.99ஐ நூறு முறை பெருக்கினால், ஏறத்தாழ 0.37. 'இவ்வளவு கட்டிவிட்டோம், அடுத்ததில் கிடைத்துவிடும்' என்ற எண்ணமே பெட்டி விற்பவரின் மூலதனம். ஆனால் நூற்றோராவது பெட்டியிலும் வாய்ப்பு அதே 100இல் 1தான். தாயக்கட்டைக்கு நினைவில்லை, பரிசுப் பெட்டிக்கும் இல்லை. இந்த ஒரு கணக்கு உங்கள் வீட்டுப் பணத்தைக் காக்கும்.

செய்து பாருங்கள்

1. நீங்கள் ஆடும் ஒரு வீடியோ விளையாட்டை எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். ஆடுபவரின் முக்கிய வினைச்சொல்லையும், அவருடைய பற்றாக்குறையையும் குறியுங்கள். கடையில் அதற்கு இட்ட இனப்பெயர் பொருந்துகிறதா?

2. ஆடுபுலி ஆட்டத்தை, ஒவ்வொரு நகர்வுக்கும் 5 விநாடி மட்டுமே என்ற விதியோடு நண்பருடன் பத்து முறை ஆடுங்கள். பிறகு கால வரம்பின்றிப் பத்து முறை ஆடுங்கள். புலி வெல்வது எதில் அதிகம்? ஏன்?

3. பரமபதத்தில் ஒரே ஒரு விதியைச் சேர்த்து, ஆடுபவருக்குத் தேர்வு வருமாறு செய்யுங்கள். உதாரணமாக, ஆளுக்கு இரண்டு காய்கள் கொடுத்தால் என்ன ஆகும்? எந்தக் காயை நகர்த்துவது என்ற கேள்வி எழுந்தவுடன் உங்கள் ஆட்டம் தாயத்தின் இனத்தை நெருங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

மூன்றாம் பயிற்சியைச் செய்து முடித்தவர் ஆட்டத்தை ஆடுபவர் என்ற நிலையிலிருந்து ஆட்டத்தை அமைப்பவர் என்ற நிலைக்கு ஏறிவிட்டார். நிலவில் இறங்கும் ஆட்டத்தை எழுதிய மாணவரும் விதிகளை எழுதுவதில்தான் தொடங்கினார். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும்.